ஏழு பேர் சேர்ந்தால் சங்கம்: வேலை செய்வோர் அறிந்திருக்க வேண்டிய சட்டம்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது எங்களூர் இளைஞர் ஒருவர் என்னை ஒரு பக்கமாக அழைத்துக்கொண்டு போனார். அவர் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அங்கே சுமார் 60 பேர் வேலை செய்கிறார்கள். சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கென்று மாதாமாதம் காசு வெட்டப்படுகிறது. கணக்கைப் பார்த்தால் பல மாதங்களாக ஒரு சதமும் போடப்படவில்லை. கேட்கப் போனவரை முகாமையாளர் திட்டி அனுப்பிவிட்டார்.

"நானா, ஏழு பேர் இருந்தா சங்கம் வைக்கலாமெண்டு சொல்றாங்க, மெய்தானா? இன்னொரு ஆள் சொல்றார், தனியார் கம்பனியில சங்கம் வைக்கிறது சட்டப்படி குற்றமாம். எது சரி?" என்று கேட்டார்.

முதலாவதுதான் சரி என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. நமது சமூகத்தில் உழைப்பவர்களில் பலர் கடைகளிலும் சிறிய தொழிற்சாலைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறார்கள். முதலாளி பெரும்பாலும் தெரிந்தவர், சில வேளை சொந்தக்காரர். நியமனக் கடிதம் கிடையாது. இன்னும் பலர் மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள். சவூதியிலும் அமீரகத்திலும் தொழிற்சங்கத்துக்கு அனுமதியில்லை. அங்கே பத்து வருடம் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தவர், இங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார். கூலியை நேரத்துக்குக் கொடுப்பது பற்றி மிம்பரில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். கூலி கிடைக்காதவனுக்கு நாட்டின் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

அந்த இளைஞருக்குச் சொன்னதையே இங்கு விரிவாக எழுதுகிறேன். எழுதுவதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புறக்கோட்டையில் நடந்தது

2003ஆம் ஆண்டு நான் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். மொத்தம் 11 பேர். காலை எட்டரைக்குக் கடை திறந்தால் இரவு ஒன்பதுக்கு முன் இறங்க முடியாது. பெருநாள் காலத்தில் நடுநிசியும் ஆகும். மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. எங்களில் ஒரு நண்பர் மட்டும் கொஞ்சம் விசயம் தெரிந்தவர். அவர் ஒரு தாளில் கோரிக்கைகளை எழுதினார். சங்கமொன்றில் சேருவோம் என்றார். ஒன்பது பேர் கையெழுத்து வைத்தோம்.

மறுநாளே அந்தத் தாள் முதலாளியின் மேசையில் இருந்தது. யார் கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. முதலாளி எங்களை ஒவ்வொருவராக மேல்மாடிக்கு அழைத்தார். கத்தவில்லை. "உங்கட வாப்பா சுகமில்லாம கிடந்த நேரம் நான் என்ன செஞ்சன் எண்டு மறந்திட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் பேனையை எடுத்து என் பெயரை வெட்டினேன். மற்றவர்களும் வெட்டினார்கள். அந்த நண்பர் மட்டும் வெட்டவில்லை. இரண்டு கிழமைக்குள் ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுயவிருப்பில் விலகினார் என்று பின்னர் சொல்லப்பட்டது.

சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலைநீக்குவது குற்றம் என்று சொல்லும் சட்டம் அப்போது வந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் பதினொரு பேரில் ஒருவருக்கும் அது தெரியாது.

உரிமை எங்கிருந்து வருகிறது?

முதலில் அரசியலமைப்பு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14(1)(ஈ) உறுப்புரை, தொழிற்சங்கம் ஒன்றை அமைப்பதற்கும் அதில் சேர்வதற்குமான சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் அடிப்படை உரிமையாகத் தருகிறது. பேச்சுச் சுதந்திரமும் மதத்தைப் பின்பற்றும் சுதந்திரமும் இருக்கின்ற அதே 14ஆம் உறுப்புரையில்தான் இதுவும் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிப்படை உரிமை மீறல் வழக்கை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான். தனியார் முதலாளிக்கு எதிராக அந்த வழி பொதுவாகத் திறக்காது. தனியார் துறையில் இருப்பவருக்கு உதவுவது சாதாரண சட்டங்களே. அவற்றில் முக்கியமானவை இரண்டு: 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டம், 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டம்.

இவற்றுக்கு மேல் சர்வதேச தொழில் அமைப்பின் இரண்டு சமவாயங்களையும் இலங்கை ஏற்றிருக்கிறது. கூட்டுப் பேரம்பேசும் உரிமை பற்றிய 98ஆம் சமவாயம் 1972இலும், சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றிய 87ஆம் சமவாயம் 1995இலும் ஏற்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகைக்கான நிபந்தனைகளில் இவையும் அடங்கும். நமது ஆடைகள் ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் இந்த உரிமையும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

இந்த உரிமை யாரும் தானமாகத் தந்ததுமல்ல. 1893இல் கொழும்பு அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். 1922இல் ஏ.ஈ. குணசிங்க இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தார். மலையகத் தோட்டங்களில் முன்னின்ற தலைவர்களில் நமது சமூகத்தைச் சேர்ந்த அப்துல் அஸீஸும் ஒருவர். ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை உருவாக்கியவர். தொழிற்சங்கம் நமக்குச் சம்பந்தமில்லாத விசயம் என்பவர்கள் அவரது வாழ்க்கையைப் படித்துப் பார்க்கலாம்.

சங்கம் அமைப்பது எப்படி?

நடைமுறை கடினமானதல்ல. பதிவுக்கான விண்ணப்பத்தில் ஆகக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். ஆரம்பக் கூட்டம் ஒன்றைக் கூட்டி, யாப்பு ஒன்றை ஏற்று, தலைவர், செயலாளர், பொருளாளர் உள்ளிட்ட உத்தியோகத்தர்களைத் தெரிவு செய்யுங்கள். கூட்டத்தின் அறிக்கையை எழுதி வையுங்கள். சங்கம் அமைக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தொழிற்சங்கப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தொழில் ஆணையாளர் நாயகமே அந்தப் பதிவாளர். தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது.

விண்ணப்பத்துடன் யாப்பின் பிரதி, விண்ணப்பிக்கும் உறுப்பினர்களின் பெயர், தொழில், முகவரி, சங்கத்தின் பெயரும் முகவரியும், உத்தியோகத்தர்களின் விபரம் ஆகியன இருக்க வேண்டும். உத்தியோகத்தர்களில் ஆகக் குறைந்தது அரைவாசிப் பேர் அந்தத் தொழிலில் உண்மையாகவே வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு சட்டத்தரணியையோ அனுபவசாலியையோ சேர்த்துக்கொள்ளலாம். சங்கத்தை வெளியாட்களின் கையில் முழுதாக ஒப்படைக்க முடியாது.

பதிவைத் தட்டிக்கழிக்க வேண்டாம். பதிவு செய்யப்படாத சங்கத்துக்குச் சட்டம் தரும் உரிமைகளும் பாதுகாப்புகளும் கிடையா. பதிவான சங்கத்துக்குத் தனிப் பெயர் உண்டு, சொத்து வைத்திருக்கலாம், அங்கத்தவருக்காகப் பேசலாம். தொழில் பிணக்கொன்றில் எடுக்கும் நடவடிக்கை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியது என்ற காரணத்துக்காக மட்டும் அதன் மீது சிவில் வழக்குத் தொடர முடியாது. அதற்குப் பதிலாகக் கடமையும் உண்டு. வருடாவருடம் வரவு செலவுக் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அங்கத்தவர் சந்தாப் பணம் அமானிதம். கணக்கில் குழறுபடி வந்து கலைந்த சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். முதலாளி ஒன்றும் செய்யத் தேவைப்படவில்லை.

புதிய சங்கம் அமைக்க ஏழு பேர் கிடைக்காவிட்டால், அல்லது பயமாக இருந்தால், ஏற்கனவே பதிவான பொதுச் சங்கமொன்றில் அங்கத்தவராகச் சேர்ந்து கிளை அமைக்கலாம். 1928இல் தொடங்கி, பாலா தம்பு நீண்ட காலம் தலைமை தாங்கிய இலங்கை வணிக, கைத்தொழில், பொதுத் தொழிலாளர் சங்கம் போன்றவை இவ்வாறு பல நிறுவனங்களில் கிளைகளைக் கொண்டவை. சிறிய இடங்களுக்கு இதுதான் பாதுகாப்பான வழி என்பது என் அபிப்பிராயம். முதலாவது கூட்டத்துக்கும் பதிவுக்கும் இடைப்பட்ட நாட்களே மிக ஆபத்தான நாட்கள். எங்கள் ஒன்பது கையெழுத்துகளும் அந்த இடைவெளியில்தான் அழிந்தன.

பொலிஸார், ஆயுதப் படையினர், சிறைச்சாலை உத்தியோகத்தர்கள், நீதித்துறை உத்தியோகத்தர்கள் தொழிற்சங்கம் அமைக்க முடியாது. அரசாங்க ஊழியர்களின் சங்கங்களுக்கும் சில விசேட கட்டுப்பாடுகள் உண்டு.

"எனக்கு நியமனக் கடிதமே இல்லையே?"

இது என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் தொழிலாளி என்பதற்குரிய வரைவிலக்கணம் மிக விரிவானது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கலாம், வாய்மொழியாக இருக்கலாம், வெளிப்படையாகச் சொல்லப்படாமல் நடத்தையால் விளங்கக்கூடியதாகவும் இருக்கலாம். சம்பளத்துக்கு இன்னொருவருக்கு வேலை செய்கிறீர்கள் என்றால் கடிதம் இல்லாததால் மட்டும் உங்கள் உரிமை போய்விடாது. ஆனால் நிரூபிக்க வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக்கு வந்த பணம், வரவுப் பதிவு, முகாமையாளர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, கடையின் பெயர் போட்ட அடையாள அட்டை, எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

மேன்பவர் கம்பனி மூலம் வேலைக்கு வருபவர்களின் நிலை சிக்கலானது. அவர்களுக்கும் சங்கத்தில் சேரும் உரிமை உண்டு. ஆனால் வேலை வாங்குபவர் ஒருவர், காகிதத்தில் தொழில்தருநர் இன்னொருவர் என்றிருக்கும்போது யாரோடு பேரம்பேசுவது என்பதே பிரச்சினையாகிவிடுகிறது.

முதலாளி செய்யக் கூடாதவை

1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 32அ என்ற பிரிவைச் சேர்த்தது. நியாயமற்ற தொழில் நடைமுறைகள் எவை என்று அது பட்டியலிடுகிறது. சாதாரண பேச்சில் சொன்னால், தொழில்தருநர் ஒருவர் பின்வருவனவற்றைச் செய்யக் கூடாது:

சங்கத்தில் சேர வேண்டும், அல்லது சேரக் கூடாது, அல்லது விலக வேண்டும் என்று வேலைக்கு நிபந்தனை போடுவது.

அங்கத்தவர் என்பதற்காக அல்லது சங்க வேலை செய்தார் என்பதற்காக மட்டும் ஒருவரை வேலைநீக்குவது.

சங்கத்தில் சேராமல் இருப்பதற்குப் பதவி உயர்வு, பணம் போன்ற ஆசை காட்டுவது.

சங்கம் அமைப்பதைத் தடுப்பது. தமக்குச் சாதகமான சங்கத்துக்குப் பணம் கொடுத்து வளர்ப்பது. சங்க நடவடிக்கையில் தலையிடுவது.

அதிகாரிகளின் முன்போ நியாய சபையின் முன்போ நல்லெண்ணத்துடன் சொன்ன கூற்றுக்காக ஊழியரைத் தண்டிப்பது.

குறித்த தொழிலாளரில் ஆகக் குறைந்தது 40 சதவீதமானவர்களை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்துடன் பேரம்பேச மறுப்பது.

இவற்றை மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தண்டப்பணத்தின் உச்ச வரம்பு ஒரு இலட்சம் ரூபா.

சட்டத்தின் பலவீனத்தையும் சொல்லத்தான் வேண்டும். இந்த வழக்கைத் தொழில் திணைக்களமே தொடர வேண்டும். சங்கமோ தொழிலாளியோ நேரடியாக நீதவான் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. பெரிய நிறுவனத்துக்கு ஒரு இலட்சம் ஒரு பொருட்டல்ல. "மட்டும்" என்ற சொல்லும் ஒரு ஓட்டை. சங்கத்துக்காக நீக்கினோம் என்று எந்த முதலாளியும் எழுதிக் கொடுக்கமாட்டார். பிந்தி வந்தார், மரியாதையில்லாமல் பேசினார், உற்பத்தி குறைந்தது என்றுதான் காரணம் வரும். ஆகவே சங்கம் அமைப்பவர் தன் வேலையில் முன்னரைவிட ஒழுங்காக இருக்க வேண்டும். நேரத்துக்குப் போங்கள். எச்சரிக்கைக் கடிதம் தந்தால் எழுத்தில் பதில் கொடுங்கள். எந்தக் கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

அந்த 40 சதவீதம்

60 பேர் உள்ள தொழிற்சாலையில் 40 சதவீதம் என்றால் 24 பேர். ஏழு பேரால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். முதலாளியைப் பேச்சுவார்த்தை மேசைக்குச் சட்டப்படி கொண்டுவர 24 பேர் தேவை. இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பேச்சுவார்த்தை வெற்றி பெற்றால் அது கூட்டு ஒப்பந்தமாக எழுதப்படும். தொழில் ஆணையாளரிடம் ஒப்படைக்கப்பட்டு வர்த்தமானியில் வெளியானதும் இரு தரப்பையும் அது கட்டுப்படுத்தும். அதன் நிபந்தனைகள் ஒவ்வொருவரின் வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் நுழைந்துவிடும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட காலமாக இப்படிக் கூட்டு ஒப்பந்தத்தாலேயே தீர்மானிக்கப்பட்டு வந்தது. 2021இல் 1,000 ரூபா சம்பளம் சம்பளச் சபை மூலம் வந்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சம்பளம் கூடியது, ஆனால் மற்ற நிபந்தனைகளைப் பேசுவதற்கிருந்த மேசை இல்லாமல் போனது. மேசையின் பெறுமதி அது போன பிறகுதான் விளங்கியது.

சுதந்திர வர்த்தக வலயங்களில் "எங்களிடம் ஊழியர் பேரவை இருக்கிறதே, சங்கம் எதற்கு?" என்று கேட்பார்கள். பேரவையில் குறைகளைச் சொல்லலாம். பதிவு செய்யப்பட்ட சங்கத்துக்குச் சட்டத்தில் உள்ள இடம் அதற்கு இல்லை. வலயத்தின் வேலிக்கு உள்ளேயும் நாட்டின் சட்டம்தான் நடக்கிறது.

வேலைநிறுத்தம்

சங்கம் என்றாலே வேலைநிறுத்தம் என்று நினைப்பது தவறு. அது கடைசி ஆயுதம். அத்தியாவசியக் கைத்தொழில் எனப் பிரகடனப்படுத்தப்பட்டவற்றில் 21 நாள் முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் வர்த்தமானி வந்தால் வேலைக்குப் போகாமல் இருப்பதே குற்றமாகலாம். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரக்கணக்கான அரச ஊழியர்கள் ஒரேயடியாக வேலை இழந்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மறுபக்கம், 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகக் கட்டுநாயக்கத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தபோது ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச்சூட்டுக்குப் பலியானார். அரசாங்கம் அந்தச் சட்டமூலத்தைக் கைவிட்டது. ஒன்றுபட்ட குரலுக்குப் பலமும் உண்டு, விலையும் உண்டு. அவசரப்பட்டு இறங்கக் கூடாது.

வேலை போனால்?

வேலைநீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தை மனதில் எழுதி வையுங்கள். சட்டத்தரணி கட்டாயமில்லை, உங்கள் சங்கமே உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். நீதியும் நியாயமுமான கட்டளையை வழங்கும் அதிகாரம் சபைக்கு உண்டு: மீண்டும் வேலை, அல்லது நட்டஈடு.

15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாயின், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நீக்க அவரது எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். எங்கள் கடையில் 11 பேர்தான் என்பதால் அச்சட்டம் எங்களுக்குப் பொருந்தியிருக்காது. ஆனால் நியாய சபைக்குப் போக அந்த எண்ணிக்கை ஒரு தடையே அல்ல. என் நண்பர் போயிருக்கலாம்.

வெள்ளைத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். விலகல் கடிதத்தைப் பலவந்தமாக வாங்கினால் அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, நடந்ததை எழுதி முதலாளிக்கும் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்துச் சொல்லும் உண்மை பலவீனமான உண்மையாகிவிடும்.

சேமலாப நிதிப் பிரச்சினைக்குச் சங்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊழியரின் 8 சதவீதத்தோடு தொழில்தருநர் 12 சதவீதம் சேர்த்து அடுத்த மாத முடிவுக்குள் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம் வேறாக. தொழில் அலுவலகத்தில் ஒருவர் தனியாகவே முறையிடலாம். கடை ஊழியர்களுக்கு நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்பதே 1954ஆம் ஆண்டின் சட்டம். அதற்கு மேல் வேலைக்கு ஒன்றரை மடங்கு. எங்களுக்கு அப்போது தெரியாமல் போன கணக்கு இதுதான்.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை

இதை வாசிப்பவர்களில் முதலாளிமாரும் இருப்பீர்கள். என் முதலாளி கெட்டவரல்ல. என் வாப்பாவின் வைத்தியச் செலவில் ஒரு பகுதியை அவர்தான் கொடுத்தார். ஆனால் உதவி வேறு, உரிமை வேறு. உதவியை நினைவூட்டி உரிமையை வாங்கிக்கொண்டால் அந்த உதவியும் கணக்கில் வந்துவிடுகிறது. மேல்மாடியில் ஒவ்வொருவராகப் பேசுவதைவிட, எல்லோருக்காகவும் பேசும் இரண்டு மூன்று பேரோடு மேசையில் இருந்து பேசுவது உங்களுக்கும் இலகுவானது. எழுத்தில் உள்ள ஒப்பந்தம் உங்களையும் பாதுகாக்கிறது.

அந்த நண்பர் பிறகு பல வருடங்கள் முச்சக்கர வண்டி ஓட்டினார். கலியாண வீடுகளில் காண்பேன், சிரித்துப் பேசுவார். அந்தத் தாளைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அந்த இளைஞரிடம் நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: "தம்பி, ஏழு பேரைத் தேட முந்தி, கூப்பிட்டு விசாரிச்சாலும் பேரை வெட்டாத ஏழு பேரைத் தேடுங்க." சென்ற கிழமை அழைப்பு எடுத்தார். ஐந்து பேர் இருக்கிறார்களாம்.